கல்லை விழுங்கிய நெஞ்சு

சடையனைப் போலக் கல்லின் குணம் தெரிந்த ஆள் அந்நாளில் புதுச்சத்திரத்துப் பக்கம் கிடையாது என்று அடித்துச் சொல்லலாம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பத்து வருஷம் குழியின் வாயிலேயே நின்றவன். கம்ப்ரசர் காற்று கல்லை மாவாக்கி மேலே ஊதித் தள்ளும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவன் குனிந்து உள்ளங்கையில் பொடியை ஏந்துவான், மோந்து பார்ப்பான், ஒரு சிட்டிகை நாக்கில் வைப்பான். "இன்னும் இருவதடி போட்டா ஈரம் கண்டுருமுங்க" என்பான். கண்டுவிடும். சடையன் வந்தால்தான் போர் போடுவேன் என்று தோட்டக்காரர்கள் அடம்பிடித்த காலம் அது.

மூக்கில் துணி கட்டடா என்றால் கேட்கமாட்டான். வாசனை தெரியாதாம்! அதற்குப் பதிலாக அந்த வண்டிக்காரர்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது: வெல்லம். சாயங்காலம் ஒரு கட்டி வெல்லம் கடித்தால், நெஞ்சில் சேர்ந்த தூசியெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அவன் மனைவி அத்தாயி ஒவ்வொரு பயணத்துக்கும் துணியில் வெல்லம் முடிந்து கொடுப்பாள். மீதி கொண்டுவந்தால் திட்டு விழும். "தின்னாத்தான் என்னுங்க? உங்க நெஞ்சென்ன இரும்பா?" என்பாள். வெல்லம் போகிற வழி வேறு, தூசி போகிற வழி வேறு என்று சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் இருமல் வந்தது. ஆள் இளைத்தான். அருகிலிருந்த ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, டி.பி. என்றார், ஊசி எழுதினார். என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்? இல்லை.

மகள் வசந்தாமணிக்கு அப்போது நாலு வயது. அப்பன் ஊர் திரும்பினால் தோளை விட்டு இறங்காத பிள்ளை. சடையன் தன் தட்டையும் தம்ளரையும் பாயையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒட்டிய கொட்டகைக்குப் போய்விட்டான். அதன் வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு மகளிடம் சொன்னான்: "சாமி, இதத் தாண்டி வரப்படாது. வந்தா அப்பாவுக்குக் கோவம் வந்துரும்." அவள் விழுந்து புரண்டு அழுதாள். ஒருநாள் கோட்டைத் தாண்டி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயத்தில் சடையன் உதறித் தள்ளினான், குச்சியை ஓங்கினான். அடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் தாண்டவே இல்லை.

இரண்டு வருஷம் ஊசி போட்டும் தேறவில்லை. அத்தாயி அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே தண்டாயுதபாணி என்ற டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாகத் தொழிலைக் கேட்டார். சொன்னான். அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது டி.பி. இல்லப்பா, கல்லுத்தூசி. நெஞ்சுக்குள்ள காவலுக்குன்னே செல்லுன்னு சின்னச் சின்ன உயிருங்க இருக்குது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதும் மேல்தோல்ல கொக்கி மாதிரி இருக்கும். கிருமியோ தூசியோ, வந்து பட்டதும் கொக்கி புடிச்சு உள்ள இழுத்துரும். உள்ள ஒரு சின்னப் பை. அதுல இருக்கற சாறு எதையும் கரைச்சுரும்."

"கல்லையுமுங்களா?"

"அதுதான் கரையாது. பையையே கிழிச்சுப்போடும். சாறு வெளிய கொட்டுச்சுன்னா, செல்லுக்கு அதுவே சேதி. தன்னைத்தானே முடிச்சுக்கற ஏற்பாடு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் பொறப்புலயே இருக்குது. அது செத்துரும். கல்லு சாகாம வெளிய வரும். அடுத்த செல்லு வந்து அதே கல்ல முழுங்கும்."

"வெல்லம் தவறாமக் குடுத்தனுங்களே!" என்றாள் அத்தாயி. வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும், நெஞ்சுக்குப் போகாது என்றார் டாக்டர். கல்லை எடுக்க மருந்தும் இல்லை, ரொம்ப நாள் தாங்காது என்றார்.

சடையனுக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, இது ஒட்டாதுங்களா? புள்ளைக்கு வந்துராதுங்களா?"

"கல்லு எப்படிப்பா ஒட்டும்?"

சடையன் சிரித்தான். அத்தாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சாவச் சொல்றாரு, சிரிக்கறீங்களே!"

"புள்ளயத் தூக்கலாமாமா அத்தாயி!"

பஸ்ஸில் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். வந்ததும் மூச்சு வாங்க வாங்க, ஈரத்துணியால் சுண்ணாம்புக் கோட்டை அழித்தான். பிறகு கூப்பிட்டான். ஆறு வயது வசந்தாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கோடு இருந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே வைத்தாள். பின்னால் நகர்ந்தாள்.

"கோட்ட அழிச்சுட்டேன் சாமி. வா."

"வந்தா உங்களுக்குக் கோவம் வருமுங்க."

"வராது கண்ணு." அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஓடிப்போய் அம்மா சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பாவி மனுஷன், அன்றைக்கு அழுத அழுகையை இருமலால்கூட நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் இருந்தான். தினமும் கொட்டகைக்குள் பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வான், தினமும் கூப்பிடுவான். அவள் வாசல்வரை வருவாள், கையைப் பார்ப்பாள், நின்றுவிடுவாள். கடைசி வாரத்தில் சடையனால் கையைத் தூக்க முடியாமல் போயிற்று. இனி அது ஓங்காது என்று நிச்சயமான பிறகுதான் வசந்தாமணி உள்ளே வந்து, அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.