ஜோடி சேராத பிக்கப்

என் அண்ணனை எங்கள் இசைக்குழுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'மீட்டர்' என்றால்தான் தெரியும். பகலில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, மாலையில் பாட்டுக்கு அடிச் சத்தம் தருகிற பேஸ் கிதார். இரண்டு வேலைக்கும் சட்டைப்பையில் மின்சாரம் அளக்கிற ஒரு மல்டிமீட்டர் இருக்கும். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கினால்கூடக் கடைக்காரர் முகத்துக்கு நேரே அளந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தபோது, "அவரையும் மீட்டர் வச்சுப் பாத்துட்டியா?" என்று கேட்டேன். "பாத்தேன். உள்ள ஒண்ணும் ஓடல" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அவரும் கட்டிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், இருபத்திரண்டு வருஷமாக ஒரே குழுவில் வாசிக்கிறோம். நான் டிரம்ஸ்.

குழுவை நடத்துகிறவர் கீபோர்டுக்காரர். போன மாதம் ஒத்திகை முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணனிடம் வந்தார்.

"மீட்டர், ரெண்டு மாசமா உங்க பேஸ் கீச்சுகீச்சுங்குது. அடியில ஒண்ணுமே இல்ல. அடுத்த சனிக்கிழமை ரெக்கார்டிங். அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா அன்னைக்கு மட்டும் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

'அன்னைக்கு மட்டும்' என்றால் என்ன என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பழைய புல்லாங்குழல்காரரும் ஒரு நாள் மட்டும் வராமல் இருந்தவர்தான். அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை.

"பிக்கப்புக்கு வயசாயிடுச்சு" என்றார் அண்ணன். "வெறும் முணுமுணுப்பா வருது. அதான் ட்ரெபிள் திருகைத் திருப்பி மேல் சத்தத்தை ஏத்தி வச்சிருக்கேன். மாத்திடறேன்."

பிக்கப் என்பது கிதாரில் தந்திக்கு அடியில் பதித்திருக்கும் கட்டை. காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி ஆடுவதை அதுதான் மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அண்ணனுடைய பேஸில் இரண்டு உண்டு, கழுத்துப் பக்கம் ஒன்று, தந்தி போய் முடிகிற பிரிட்ஜ் பக்கம் ஒன்று. பிரிட்ஜ் அருகே தந்தி குறைவாகத்தான் ஆடும். அதனால் அங்கே வைப்பதற்குச் சுற்று கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்று கத்தும், இன்னொன்று முனகும். இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர் அண்ணன்.

இசைக்கருவிக் கடையில் ஒரு மணி நேரம் நின்றோம். பழசைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். நீளம், அகலம், திருகு ஓட்டை, காந்தத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளி எல்லாம் மில்லிமீட்டரில் அளந்தார். பிறகு மீட்டரை வைத்து ஓம் கணக்கு, சுற்று கூடினால் அதுவும் கூடும். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஜோடியா எடுத்துக்குங்க சார், ஒரே கம்பெனி" என்றார். அண்ணனுக்கு அந்த ஜோடியில் பிரிட்ஜ் பிக்கப் பிடிக்கவில்லை, மீட்டரில் குறைவாகக் காட்டியது. கழுத்துக்கு ஒரு கம்பெனி, பிரிட்ஜுக்கு வேறு கம்பெனி என்று எடுத்தார்.

"வேற வேற கம்பெனின்னா கம்பி சுத்துற திசை மாறியிருக்கும் சார். பாத்து மாட்டுங்க."

"எனக்கேவா?" என்று அண்ணன் சிரித்தார்.

சிரித்ததில் நியாயம் இருந்தது. திசை மாறிய இரண்டு பிக்கப், ஒரே கட்டிலை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறவர்கள் மாதிரி. தனித்தனியாக வாசித்தால் குறை தெரியாது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் ஒன்றின் அடிச் சத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். எத்தனையோ பேர் இந்தத் தப்பைப் பண்ணிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். இரண்டு சுரம் கேட்டதுமே அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். அவர் மீட்டர் எடுக்காத ஒரே இடம் அதுதான். "இதுக்குக் காதே போதும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து புது பிக்கப் இரண்டையும் பற்றவைத்தார். நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கழுத்துப் பிக்கப் மட்டும் திறந்தார், நல்ல கனம். பிரிட்ஜ் மட்டும், கணீரென்று இருந்தது. இரண்டையும் திறந்தார். தகர டப்பாவில் தட்டுகிற சத்தம் வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி மூக்கை உடைக்கலாம் என நினைத்துக்கொண்டே, அவர் சால்டர் அயர்னை எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "அப்பாடா. இப்பதான் தெளிவா இருக்கு."

"விளையாடாத."

"என்ன விளையாட்டு? கேளு, ஒவ்வொரு சுரமும் தனியா நிக்குது பாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்குமே முதலில் கோபம்தான் வரும். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. புது லிஃப்ட் மோட்டார் எதிலும் உறுமல் சத்தமே இல்லை என்று அவர் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போனார். உலகத்தையே அளந்த மனுஷன் தன் காதை அளக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் உறைக்கவில்லை.

நானே அயர்னை எடுத்து இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். வாசிக்கச் சொன்னேன். டிரம்ஸ் தோல் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடியும் அதிர்ந்தது.

"கெடுத்துட்டியே பாப்பா. மறுபடியும் அதே முணுமுணுப்பு."

"அண்ணா, இதுதான் சரி. அதுல அடிச் சத்தமே செத்துப்போயிருந்துச்சு. உனக்குத் தெரியல."

அண்ணன் உள்ளே போய்ப் பழைய ஊசி மீட்டரை எடுத்துவந்தார். ஆம்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் ஊசி வலப்பக்கம் துள்ளியது. இரண்டும் ஒரே திசை. நான் செய்ததுதான் சரி. ஊசியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காது டாக்டரிடம் தனியாகப் போய்வந்தார். காதைச் சோதித்து வரைந்த காகிதத்தை என் முன்னால் வைத்தார். மேல் சத்தத்துக்குக் கோடு நேராக ஓடியது. அடிச் சத்தத்தில் இரண்டு காதுக்கும் சரிந்து கிடந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போனது திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை.

"மிஷின் ஒழுங்கா இருக்கான்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். ரெண்டு தடவை எடுத்தாங்க."

ரெக்கார்டிங்குக்கு வரமாட்டேன் என்பார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பேஸைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"சத்தத் திருகெல்லாம் நீயே வச்சுக் குடு. எனக்கு அசிங்கமா கேட்டாலும் பரவால்ல. நான் தொடமாட்டேன்."

நான் வைத்தேன். அவர் ஒவ்வொரு திருகின்மேலும் டேப் ஒட்டினார்.

சனிக்கிழமை ஆறு பாட்டு. அண்ணன் கண் பெரிய டிரம்மை மிதிக்கிற என் வலது காலைவிட்டு நகரவில்லை. கால் மிதிக்கும்போது அவர் விரல் விழுந்தது. முடிந்ததும் கீபோர்டுக்காரர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மீட்டர். அடிச்சு நவுத்திட்டீங்க" என்றார். "பிக்கப் மாத்தினேன்" என்று மட்டும் சொன்னார் அண்ணன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்படிச் சொல்லாத. பாட்டு பாட்டா சொல்லு. அடிச் சத்தம் எதுவும் எனக்கு விழல."

அழுதால் கோபித்துக்கொள்வார் என்று முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். எங்கே தாங்கிப் பிடித்தார், எங்கே விட்டுக்கொடுத்தார், எல்லாம் சொன்னேன். மூன்றாவது பாட்டில் பாடகர் நிறுத்திய இடத்தில் அவர் ஒற்றைத் தந்தியில் கீழே இறங்கினார், அப்போது என் நாற்காலியே அதிர்ந்தது என்றேன்.

"அதிர்ந்துச்சா?"

"அதிர்ந்துச்சு அண்ணா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.