மந்தின் ஏற்றத்தில் நின்ற கார்

மேலே துரை பங்களா, கீழே தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயம். இரண்டுக்கும் நடுவில், கார் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அதுதான் டிரைவர் அர்ச்சுனனின் வீடு. பங்களாவில் அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது. லயத்துக்குப் போனாலோ, துரையின் ஆள் வந்துவிட்டான் என்று பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இப்படியே முப்பத்தைந்து வயதாகிவிட்டது. தானே பொங்கி, தானே தின்று, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுப்பான். மனம்விட்டுப் பேசுவதெல்லாம் காரோடுதான்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி உண்டு. பெட்ரோல் குழாய் இன்ஜினை ஒட்டி ஓடியது. வெயிலில் மேடு ஏறினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குச் சொட்டுகூடப் போகாது. கார் இருமிவிட்டு நின்றுவிடும். அர்ச்சுனன் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தான். ஈரச் சாக்கைக் குழாயில் சுற்றி, மேலே வாழைப்பட்டை வைத்துக் கட்டுவான். காற்றுப் போக பானெட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றிவிடுவான். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். ஆனால் வண்டி நிற்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்கப் போக துரை காரைக் கொடுத்தார். மந்தின் ஏற்றம் என்ற மலைச்சாலைக்கு அந்தப் பக்கம் அதே துரையின் இன்னொரு தோட்டம். அங்கே முருகையாவின் மகள் மயிலம்மாள். அர்ச்சுனனுக்கு உறவென்று யாருமில்லாததால் கங்காணி ராமசாமி வெற்றிலைத் தட்டோடு கூட வந்தார். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

மாப்பிள்ளைக் களை வந்துவிட்டால் புத்தி எங்கே நிற்கிறது? அழுக்குச் சாக்கு பெண் வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று அவிழ்த்து எறிந்தான். தகடுகளை மாட்டி, பளபளவென்று துடைத்தான். தோளில் புது வெள்ளைத் துண்டு வேறு.

பாதி ஏற்றத்தில் கார் இருமியது, நின்றது.

"இன்னிக்குப் பாத்தாடா அர்ச்சுனா?" என்றார் கங்காணி.

"சூடு ஆறணும் கங்காணி. ஆறினா தானா ஓடும்."

கங்காணிக்குப் பொறுமை இல்லை. அந்த வழியாக வந்த மாட்டு வண்டியில் ஏறி, "நான் முன்னால போய்ச் சொல்லி வைக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

ரோட்டில் அர்ச்சுனன் தனியாக நின்றான். இத்தனை வருஷத் தனிமை அங்கேதான் அவனுக்குக் கனத்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து ஓடையில் நனைத்துக் குழாயில் சுற்றினான். வெகுநேரம் கழித்துத்தான் கார் கிளம்பியது.

போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது. கங்காணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்றார் முருகையா. "பொண்ணு பாக்க வர்ற வண்டி நடு ஏத்தத்துல நின்னுருச்சுன்னு கங்காணி சொன்னாரு. சகுனம் சரியில்ல. மனசு ஒப்பல."

"சகுனம் இல்லீங்க, பெட்ரோல் சூடு..." என்று அர்ச்சுனன் தகட்டைத் திறந்து காட்டினான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற மயிலம்மாள் மட்டும், எண்ணெய்க் கறையோடு குழாயில் கிடந்த மாப்பிள்ளைத் துண்டைப் பார்த்துச் சிரித்தாள். அன்று அவன் அவளைப் பார்த்தது அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அவளை ரெம்பா என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பெண் மாப்பிள்ளை போக துரையே காரைக் கொடுத்தார். வேண்டாமென்று சொல்ல முருகையாவுக்குத் தைரியமில்லை. அர்ச்சுனன்தான் ஓட்ட வேண்டும், அதே ஏற்றத்தைத் தாண்டி.

நடு ஏற்றத்தில் நிற்கட்டுமே என்று அன்று காலை அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. நின்றால் முருகையாவின் மூஞ்சியைப் பார்க்கலாம். ஆனால் ராசியில்லாதவள் என்ற பேர் அவளுக்கல்லவா வரும். அதே துண்டை நனைத்துக் குழாயில் சுற்றி, வாழைப்பட்டை வைத்து இறுக்கிக் கட்டினான். தகடுகளைக் கழற்றிக் கொட்டகையிலேயே போட்டான்.

நல்ல உச்சி வெயிலில் ஏற்றத்தில் கார் இருமக்கூட இல்லை. ரெம்பாவில் அவர்களை இறக்கிவிட்டு, காலிக் காரை ஓட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினான்.