வாய்க்கூடு

மாமாவுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவருக்கு நாற்பதுக்கு மேல். பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியராகி எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் முதல் மாணவர் அவர்தான். அவருக்கு நான் செய்ததை இந்த வயதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாமா என் அம்மாவின் அண்ணன். சிறு வயதிலேயே சென்னைக்குப் போய், ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். அத்தை சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகள் இல்லை. கல்வராயன் மலையடிவாரத்தில், எங்கள் ஊருக்கு மேற்கே, தாத்தா விட்டுப்போன மேட்டுக்கொல்லை மாமாவின் பங்காக இருந்தது. பல வருடங்களாக அதை உழுது, எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைப் போட்டு, கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் என் அப்பா. கொல்லையிலேயே ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம் என்று மாமாவும் அத்தையும் ஒரு சித்திரையில் வந்து இறங்கினார்கள். அப்பா அந்த வருடக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு கொல்லையை ஒப்படைத்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை.

"அண்ணனுக்கு ஏர் புடிக்கவும் தெரியாது, மாடு புடிக்கவும் தெரியாது. நீங்க ரெண்டு நாளு கூட இருந்து காட்டிட்டு வந்தா இன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"எனுக்கு ஏது நேரம்? உன் புள்ளைய அனுப்பு. அவனுக்குத் தெரியாததா?" என்றார் அப்பா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் பின்வரிசையில் உட்காருகிறவனை வாத்தியாராக்கினால் எப்படி இருக்கும்! பள்ளிக்கூடமும் அந்த வருடங்களில் அடிக்கடி மூடிக்கிடந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். கூட்டம், ஊர்வலம், மறியல் என்று ஏதாவது ஒன்று வந்தால் பேருந்து நிற்கும். பேருந்து நின்றால் ஆசிரியர்கள் வரமாட்டார்கள். நான் மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

மாமா நல்ல மாணவர். விவசாயப் புத்தகங்களுக்கெல்லாம் எழுத்துக் கோத்தவர் என்பதால் நிறையச் சொற்கள் தெரியும், ஒன்றையும் பார்த்தது கிடையாது. தொழுவுரம் என்று சொல்வார், சாணியைத் தொடத் தயங்குவார். அத்தையின் கழுத்துச் சங்கிலியை விற்றுத் தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஒரு கறவைப் பசுவை ஓட்டிவந்திருந்தார்கள். கம்பு விளைந்து வீடு வரும்வரை அந்தப் பசுவின் பால்தான் அவர்களுக்கு உலை. அந்தப் பசுவின் முன்னால் குந்தி, "மேடம், கொஞ்சம் அந்தாண்ட நகருங்க" என்பார் மாமா. பசு வாலால் முகத்தில் ஒன்று வைக்கும்.

"இன்னா வாத்தியாரே, மேடத்துக்கு என்னப் புடிக்கலியா?"

"மடியில தண்ணி தெளிச்சிட்டு, கன்ன விட்டு ஊட்ட வெச்சிட்டு, அப்பறம் தொடணும் மாமா. எடுத்ததும் இழுத்தா எப்படி?"

அத்தைக்குக் கொத்தமல்லி விதைக்கச் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. விதையைத் தரையில் கொட்டிச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்த பிறகுதான் தூவ வேண்டும் என்றேன்.

"சாப்புடற சாமான செருப்பாலயா? ஏண்டா கண்ணு, என்ன வெச்சி வெளையாட்றியா?" என்றாள் அத்தை. நான் தேய்த்துக் காட்டினேன். அவள் உள்ளே போய் ஒரு புதுச் செருப்பைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

இதையெல்லாம் சாயங்காலம் வீட்டில் நடித்துக் காட்டுவேன். அம்மா சிரிக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். "அப்பறம்? அப்பறம் இன்னா பண்ணான் உங்க மாமன்?" என்று கேட்டுக் கேட்டுச் சொல்ல வைப்பார். அப்பா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அந்த நாட்களில்தான்.

ஆவணி முடிவதற்குள் மாமா தேறிவிட்டார். எழுத்துக் கோத்துப் பழகிய விரல்கள். ஒருநாள் காலையில் நான் போனபோது பால் கறந்து, நுரை அடங்கி, டீக்கடைக்குப் போகத் தயாராகத் தூக்குப் பாத்திரத்தில் இருந்தது. அத்தை எனக்கு ஒரு தம்ளரில் காபி கொடுத்து உட்காரச் சொன்னாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல.

"இனிமே நீ வெயில்ல அலைய வேணாம் கண்ணு. உங்க மாமா எல்லாத்தையும் கத்துக்கினாரு" என்றாள்.

அன்போடுதான் சொன்னாள். நான் காபியைப் பாதியில் கீழே வைத்தேன். என் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனால் அப்பாவிடம் சொல்லச் சிரிப்பாக ஒன்றும் இருக்காது.

கிளம்பும்போது மாமா கூடவே பாதைவரை வந்தார். கீழே ஒருவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். மாடுகளின் வாயில் பனைநாரில் பின்னிய கூடு கட்டியிருந்தது. மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி மாடு ஓட்டுகிற எல்லோரும் எங்கள் பக்கத்தில் வாய்க்கூடு கட்டித்தான் ஓட்டுவார்கள். பச்சை மரவள்ளித் தழை மாட்டுக்கு விஷம். அதிலும் மழைக்குத் துளிர்த்த இளந்தழையை வெறும் வயிற்றில் தின்றால் மாடு நிற்காது. நன்றாக வாட வைத்துக் கொஞ்சமாகப் போடுகிறவர்கள் உண்டு. இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றாத அளவுக்குத் தெரியும்.

"வாத்தியாரே, அது எதுக்கு மூஞ்சியில கூடைய மாட்டிக்கினு போறாங்க?" என்று மாமா கேட்டார்.

"ஊரான் கொல்லையில வாய் வெச்சிடும்ல. அப்பறம் சண்டை வரும். அதான்" என்றேன்.

"அவ்ளோதானா? நம்ம கொல்லையில மேஞ்சா எவன் கேக்கப் போறான்?" என்று சிரித்தார்.

நான் சொன்னது பொய்யும் அல்ல, பாதி உண்மை. மீதியைத் தெரிந்தே வைத்துக்கொண்டேன். மாடு சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. எங்கள் மாடு ஒன்று முன்பு தழை தின்று தள்ளாடியபோது, அப்பா வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பிழைக்க வைத்ததைப் பார்த்திருந்தேன். மாமாவின் பசுவும் ஒருநாள் தள்ளாடும், என்னைத் தேடி ஓடி வருவார்கள், நான் வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவேன், அத்தை மறுபடியும் என்னை வாத்தியாராக நினைப்பாள். இதுதான் என் கணக்கு.

புரட்டாசியில் நல்ல மழை பெய்தது. மாமா உழாமல் விட்டிருந்த ஓரத்தில், அப்பா பிடுங்கிய மரவள்ளியின் மிச்சக் கட்டைகள் குப்பென்று துளிர்த்தன. அந்த வாரம்தான் பெரிய மறியல். சின்னசேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரம் விழுந்து கிடப்பதைப் பார்க்க ஊர்ப் பையன்களோடு நானும் போனேன். கிளைகளில் ஏறி ஊஞ்சலாடிவிட்டு மதியம் திரும்பியபோது, அத்தை தலைவிரிகோலமாக எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை.

"பசு வுழுந்துடுச்சி. அவுரு டாக்டர கூட்டியாரப் போயிருக்காரு. யாருனா வாங்களேன்."

நான் வெல்லத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பின்னால் வந்தார். பசு பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் விறைத்திருந்தன. கரைத்த வெல்லத்தை மூங்கில் குழாயில் ஊற்றினேன். அது மறுபக்கக் கடைவாய் வழியாக மண்ணில் வடிந்தது. மறுபடி ஊற்றினேன். "போதும் விடுடா" என்றார் அப்பா. கட்டுத்தறியில் கன்று கத்திக்கொண்டிருந்தது.

மாமா சாயங்காலம் தனியாகத் திரும்பினார். விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தின் மேலும் சைக்கிளைத் தூக்கிக் கடத்தியதில் சட்டை கிழிந்திருந்தது. டாக்டரின் ஜீப் வர வழியில்லை. பசு எப்போதோ அடங்கிவிட்டிருந்தது.

அப்பா அதன் வாயோரத்திலிருந்து ஓர் இலைத் துணுக்கை எடுத்துக் காட்டினார். "குச்சிக்கிழங்குத் தழை. மாட்டுக்கு வெசம் மச்சான். யாரும் சொல்லலியா உனுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, "யாரு சொல்லுவாங்க மாப்ள? நான் யாரையும் கேக்கலியே" என்றார்.

என்னிடம் கேட்டதை அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஊரில், மரத்தை வெட்டிப் போட்டதால் பசு செத்தது என்றார்கள். போராட்டத்துக்கு வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் அதைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. சாலை திறந்து முதல் பேருந்து ஓடியபோது மாமாவும் அத்தையும் கன்றை விற்றுவிட்டு அதில் ஏறிப் போனார்கள். கம்பு அப்போது முழங்கால் உயரம். அது விளையும்வரை உட்கார்ந்து சாப்பிட அவர்களிடம் ஒன்றும் இல்லை. கொல்லை திரும்ப அப்பாவிடமே வந்தது. என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தது அந்தக் கொல்லையின் கிழங்குதான்.

மாமா சென்னையில் ஒரு லாட்ஜில் காவலாளியாக இருந்தார். என் கல்யாணத்துக்கு வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "எனுக்குப் பால் கறக்கக் கத்துக்குடுத்த வாத்தியாரு" என்றார். அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டேன். அதன்பிறகு அவரைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அப்பாவைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கேட்கப்பட்டவன் நான், சொல்லாதவனும் நான்தான். ஆனாலும் இதையும் எழுதிவிட வேண்டும்.

அவர்கள் பேருந்து ஏறிய மறுநாள் விடியும்போதே அப்பா ஏரைத் தோளில் வைத்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கொல்லைக்குக் கிளம்பினார். நானும் போனேன். மாமா சரிவுக்குக் குறுக்கே வளைத்து வளைத்து ஒரு வரப்புப் போட்டிருந்தார். "கோணக்க மாணக்கன்னு போட்டு வெச்சிருக்காரு பாருப்பா" என்று சிரித்தேன். மலையிலிருந்து இறங்கிய மழைத்தண்ணீர் அந்த வரப்பின் மேல்புறத்தில் மண்ணை அரிக்காமல் தெளிந்து நின்றது. அப்பா வரப்பின் மேல் ஏறிக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தான்டா போட்டிருக்கான். இருந்திருந்தா பொழச்சிக்கினு இருப்பான்" என்றார்.

பிறகு மாடுகளைப் பூட்டினார். பொழுது சாய்வதற்குள் அந்தக் கம்பையும் சேர்த்துக் கொல்லை முழுவதையும் உழுது முடித்தோம். அத்தனை மாதமும் ஒரு காலைப் பொழுதுகூட ஒழியாத அப்பாவுக்கு, அன்று ஒரு முழுப் பகல் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.