தூக்கிப் பார்க்கும் மேப்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாமுக்குப் போகும் காலை போட்டில் ஜெயமணியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார யாரும் முந்த மாட்டார்கள். அவர் மடியில் எண்ணெய்த்துணி சுற்றிய ஒரு பெரிய பலகை இருக்கும். போட் ஆடும்போதெல்லாம் அது பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடிக்கும். வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாரா என்று யாராவது கேலி செய்தால், ஆமாம், திருடன் வந்து ஏமாந்து போகட்டும் என்பார்.

அந்த இடியை அதிகம் வாங்கியவன் நான்தான். பெயர் சிவஞானம், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், தொழில் கிணறு வெட்டும் காண்ட்ராக்ட். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் ஆட்கள் சொல்வார்கள். தப்பில்லை. வெயிலில் நின்று வெட்டி, அடியில் காய்ந்த களிக்கல்லைப் பார்ப்பவனுக்கு வேறென்ன வரும்?

ஜெயமணியம்மா மதுரைக்காரர். பள்ளிப்படிப்பு முடித்து மதராஸில் ஒரு மேப் ஆபீஸில் ட்ரேசராகச் சேர்ந்தவர். பெரியவர்கள் பென்சிலில் வரைந்ததைக் கண்ணாடி போன்ற மெழுகுத்துணியில் மையால் பிரதி எடுப்பதுதான் ட்ரேசரின் வேலை. கணவர் ஜெகநாதனுக்குப் போர்ட் பிளேரில் படகு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கிடைத்ததும் இருவரும் கப்பலேறிவிட்டார்கள். அது அறுபதுகளின் தொடக்கம். தீவெங்கும் பாறைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு திரிந்த ஒரு சர்க்கார் ஆபீஸ் அப்போது இங்கே இருந்தது. ஜனங்கள் அதைப் பத்தர் ஆபீஸ் என்பார்கள். பத்தர் என்றால் ஹிந்தியில் கல். அங்கேதான் அம்மாவுக்கு வேலை.

அந்த ஆபீஸின் பெரியவர் தத்தா சாகிப், வங்காளி. காட்டில் அட்டைக் கடி வாங்கி, முட்டிவரை சேற்றில் நடந்து வேலை செய்த மனிதர். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவர் ஆபீஸ் போட்ட மேப்பைக் குறை சொல்லாமலும் இருக்க முடியாது. ஒரே தாளில் பாறைக்கு ஒரு நிறம், பிளவுக்கு ஒரு கோடு, பாறை சாய்ந்திருக்கும் திசைக்கு அம்புக்குறி, ஓடைக்கு நீலம், மேட்டுக்கு வளைவு வளைவாகப் பழுப்பு. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி இருக்கும். அதிகாரிகள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள்.

ஒரு முறை அந்த மேப்பை நம்பி வெட்டிய கிணறு பொய்த்துப் போனது. கோபத்தோடு பத்தர் ஆபீஸுக்குப் போய், கையிலிருந்த களிமண் கட்டியை ஜெயமணியம்மாவின் மேசைமேல் வைத்து, இந்த மேப்பில் தண்ணீர் எங்கே என்று காட்டும்படி கேட்டேன். அவர் மேப்பைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தனக்கும் தெரியவில்லை என்றார். சாக்குச் சொல்லாத ஒருவரை ஒரு சர்க்கார் ஆபீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு, ஒரு இடத்தில் கிணறு வெட்டப் போனால் நான் முதலில் எதைக் கேட்பேன் என்று விசாரித்தார். கீழே மணலா களியா என்று கேட்பேன், பிறகு சரிவு எந்தப் பக்கம், அப்புறம் பக்கத்துத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்றேன்.

"ஒண்ணொண்ணாத்தானே கேக்குறீங்க அண்ணாச்சி? அப்ப மேப்பு மட்டும் ஏன் எல்லாத்தையும் ஒரே நேரத்துல கத்துது?" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் போட்டில் என் விலாவை இடித்த பலகை. பலகையில் ஒட்டிய தாளில் கரையும் ஓடைகளும் ஊர்களும் மட்டும் இருக்கும். அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மெழுகுத்துணிகள், மேல் ஓரத்தில் மட்டும் தைத்துத் தொங்கும். கடையில் கிடைத்த நாடா ஈரத்தில் இற்றுப் போனதால், தன் பழைய சேலையின் கரையைக் கிழித்து அதில்தான் தைத்தார். ஒரு துணியில் பாறை, ஒன்றில் பிளவும் சாய்வும், ஒன்றில் கிணறும் ஊற்றும். எது வேண்டுமோ அதை இறக்கலாம், வேண்டாததைப் பின்னால் தூக்கிப் போடலாம். எல்லாவற்றையும் இறக்கினாலும் அடியில் இருப்பது தெரிய வேண்டும். அதனால் மணற்கல்லுக்குப் புள்ளி, களிக்கல்லுக்குப் படுக்கைக் கோடு என்று கண் வலிக்க வரைந்தார். மழைக்காலத்தில் மை காயாது. துணியில் உள்ள கஞ்சியைக் கரப்பான் தின்னும். கை வியர்வை பட்டால் மை ஒட்டாது என்று முகப் பவுடரைத் துணியில் தடவிக்கொண்டு வரைவார். பவுடர் செலவைப் பற்றி ஜெகநாதன் எங்களிடம் புலம்புவார்.

தத்தா சாகிப் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் தன் பாறைக் குறிப்புகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். எந்தத் துணி மேலே இருக்க வேண்டும் என்று இருவரும் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையால்தான் மேப் நன்றாக வந்தது.

கிணற்றுத் துணிக்கு மட்டும் ஆபீஸில் விவரம் போதவில்லை. அதை ஜெயமணியம்மா ஆட்களிடமிருந்தே பிடித்தார். போட்டிலும் பஜாரிலும் வெளியூர் முகம் கண்டால் போதும், ஊர்த் தண்ணீர் எப்படி என்று ஆரம்பித்துவிடுவார். வங்காளி, ராஞ்சிக்காரர், தெலுங்கர் எல்லாரிடமும் தீவின் ஹிந்தியில் பேசுவார். நல்ல தண்ணீருக்கு நீலப் புள்ளி, உப்புத் தண்ணீருக்குச் சிவப்புப் புள்ளி. ஜனங்கள் அதற்குத் தூக்கிப் பார்க்கும் மேப் என்று பெயர் வைத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த மேப் ஓர் ஊரின் தலையெழுத்தோடு மோதியது. நடு அந்தமானில், லாங் ஐலண்டிலிருந்து டோங்கி என்னும் சின்னப் படகில் போகிற தூரத்தில், பத்தர் டிக்ரி என்று ஒரு குடியிருப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே நிலம் கொடுத்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் இல்லை. படகில் டிரம்மில் வரும். கடல் கெட்டால் அதுவும் வராது. அங்கே நான் வெட்டிய கிணறும் களிக்கல்லில் போய் முட்டியது. கோடைக்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் குடும்பங்களை வேறு தீவுக்கு மாற்றுவதென்று குடியேற்ற அதிகாரி முடிவு செய்திருந்தார்.

அந்த ஊரில் பொன்னம்மா என்று ஒருத்தி. தோட்டத்தை விட்டு மண்டபம் முகாம், முகாமை விட்டுக் கப்பல், கப்பலை விட்டு இந்தக் காடு என்று வந்தவள். கணவனை முகாமிலேயே பறிகொடுத்திருந்தாள். என் வறண்ட குழியின் விளிம்பில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவ மூட்டை தூக்க என்னால ஏலாதுங்க. மத்தவங்கள கூட்டிட்டுப் போங்க. என்னைய இங்கயே விட்டுருங்க."

நான் கோபக்காரன்தான். அவளிடம் காட்ட என்னிடம் கோபம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

போர்ட் பிளேருக்கு வந்து நேரே பத்தர் ஆபீஸுக்குப் போனேன். சாகிபும் அம்மாவும் துணிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மலையிலிருந்து ஒரு மணற்கல் பட்டை பத்தர் டிக்ரிக்கு அடியில் புகுந்து ஓடைவரை சரிந்து இறங்கியது. மணற்கல்லில் தண்ணீர் ஊறும். எனக்கு உயிர் வந்தது. கடைசியாகக் கிணற்றுத் துணியை இறக்கினார்கள். அந்தப் பட்டையின் கீழ்முனையில், ஓடைக்கரையில், ஒரு சிவப்புப் புள்ளி. பிளவு வழியாகக் கடல்நீர் பட்டைக்குள் ஏறியிருக்கிறது, மேலே வெட்டினாலும் உப்புத்தான் வரும் என்றார் சாகிப்.

அதிகாரி உத்தரவை எழுதத் தயாரானார். ஜெயமணியம்மா அதைத் தடுக்கவில்லை. தான் வைத்த புள்ளியை அவர் நம்பினார். ஒன்று மட்டும் கேட்டார்.

"போகச் சொல்றதுன்னாலும் ஏன்னு காட்டிட்டுச் சொல்லுவோம் சார். அவங்க ஊரு மேப்பு, அவங்க ஒரு தடவயாச்சும் தூக்கிப் பாக்க வேணாமா?"

அதிகாரி உட்பட நால்வரும் போனோம். குடியிருப்பின் பள்ளிக் கொட்டகையில் பலகையை மாட்டினார் அம்மா. கெட்ட சேதி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மேப்பைக் கண்டதும் கூட்டம் முண்டியது. அவரவர் வீட்டைத் தேடினார்கள். துணியைத் தூக்கி, இறக்கி, மறுபடியும் தூக்கினார்கள். அழுக்குப்படும் என்று சாகிப் பதறினார். அழுக்குப்பட்டால் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா அவரை அடக்கினார்.

பொன்னம்மா கடைசியாக வந்தாள். அம்மா அவள் விரலைப் பிடித்து ஓடையின்மேல் வைத்து, இதுதான் உங்கள் ஓடை என்றார். அவள் விரல் கரையோடு ஊர்ந்து போய்ச் சிவப்புப் புள்ளியில் நின்றது.

"இது நான் தண்ணி எடுக்குற கெணறுங்க. இதுக்கு ஏன் செவப்பு வச்சிருக்கீங்க?"

அது உப்புத் தண்ணீர் என்று அம்மா விளக்கினார். பொன்னம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். தினம் குடிக்கிறாளாம். காட்டுக் கூலிகள் எப்போதோ தோண்டிவிட்டுப் போன சின்னக் குழியாம். ஒரு குடத்துக்கு ஊறுமாம். முதலைக்குப் பயந்து வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லையாம்.

உப்பு என்று சொன்னது யார் என்று சாகிப் கேட்டார். அம்மா கூட்டத்தில் தேடி, கந்தன் என்பவரைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது போட்டில் அகப்பட்டவர். ஊரில் காரி குவா ஒன்று இருப்பதாக அவர்தான் சொல்லியிருந்தார். குவா என்றால் கிணறு.

"ஆமாங்க, காரிதான். காரி ஓரத்துலதானே இருக்கு?" என்றார் கந்தன்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஹிந்தியில் ஓடைக் கழிக்கு ஒரு சொல், உப்புக்கு ஒரு சொல். ஹிந்திக்காரன் ஒன்றில் நாக்கை மடிப்பான், மற்றதில் மடிக்க மாட்டான். நம் நாக்குக்கு இரண்டும் காரிதான். கந்தன் தான் புதிதாகக் கற்ற ஹிந்தியை ஒரு தமிழ்ப் பெண்ணிடமே எடுத்துவிட்டிருக்கிறார். ஓடைக்கரைக் கிணறு என்று தாய்மொழியில் சொல்லித் தொலைத்திருந்தால் இந்த வினை வந்திருக்காது. அதைச் சத்தமாகவே சொன்னேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். ஜெயமணியம்மா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "மித்தாகாரி ஊருக்கு எத்தன தடவ போயிருக்கேன். மித்தான்னா இனிப்பு. இனிப்பு உப்புன்னு எவனாச்சும் ஊருக்குப் பேரு வைப்பானா? எனக்கு ஒறைக்கலியே" என்றார்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பொன்னம்மாவோடு ஓடைக்கரைக்கு நடந்தார். முதலை என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. நாங்கள் பின்னாலே ஓடினோம். குழியில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். சாகிபும் குடித்தார். நானும் குடித்தேன். இளநீரை விட நன்றாக இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பியதும் பையிலிருந்து பிளேடை எடுத்தார். மெழுகுத்துணியில் பட்ட மையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆபீஸுக்குப் போய்ச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாமே, இவர்கள் முன்னால் எதற்கு என்று அதிகாரி காதோடு சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

"எல்லாரும் பாத்த செவப்பு சார். எல்லாரும் பாக்கத்தான் அழிக்கணும்" என்ற அம்மா, கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடது. பாறையோடதும் இல்ல, சாகிபோடதும் இல்ல, இந்தக் கந்தனோடதும் இல்ல. கேட்டது நான், எழுதினது நான்."

புள்ளியைப் பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார். எத்தனையோ அதிகாரிகளை, எஞ்சினியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் அந்த அம்மாவின்மேல் எனக்கு வந்த மரியாதை வேறு யார்மேலும் வந்ததில்லை.

சிவப்புப் போனதும் சாகிப் துணிகளை இறக்கி, பட்டையின் சரிவை விரலால் அளந்து, ஊருக்கு மேல்புறம் போய் நிலத்தில் ஒரு முளை அடித்தார். பிளவு பற்றித் தான் போட்ட கணக்கையும் அங்கேயே தப்பென்று ஒப்புக்கொண்டார். உத்தரவு நின்றது. நான் வெட்டினேன். மேல் களி போய், ஈர மணற்கல் வந்து, கடப்பாரை இறங்கிய இடத்தில் தண்ணீர் கசிந்து, மறுநாள் முட்டிக்கு ஏறியது. பொன்னம்மா அன்றைக்குத்தான் மண்டபத்தில் கட்டிய மூட்டையை அவிழ்த்தாளாம். கந்தன் வந்து சொன்னார்.

கிணற்றுக்கு உறை இறக்கிய அன்று ஜெயமணியம்மா பலகையோடு மறுபடியும் வந்தார். புதுக் கிணற்றுக்குத் தானே ஒரு நீலப் புள்ளி வைத்தார். ஓடைக்கரைக் கிணற்றுக்கு வைக்கப் பேனாவைப் பொன்னம்மாவிடம் கொடுத்தார். அவள் அழுத்தி வைத்தாள். சுரண்டிய இடத்தில் துணி மையைப் பிடித்து வைக்காது, பரவவிட்டுவிடும். ஒரு மிளகு அளவு இருக்க வேண்டிய புள்ளி புளியங்கொட்டை அளவுக்கு ஊறிவிட்டது. பொன்னம்மா பயந்துபோனாள். அம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதன்பிறகு அந்த மேப்பை அம்மா எத்தனையோ முறை பிரதி எடுத்திருக்கிறார். ஒன்று கார் நிக்கோபாருக்குக்கூடப் போனது. எல்லாப் பிரதியிலும் அந்தப் புள்ளி புளியங்கொட்டை அளவுதான். மெயின்லாண்டிலிருந்து புதிதாக வந்த எஞ்சினியர் ஒருவர் அதைக் கவனித்து, இந்தக் கிணறு மட்டும் ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"கெணறு சின்னதுதான் சார்" என்றார் ஜெயமணியம்மா. "அந்தப் புள்ளிக்குள்ள ஒரு ஊரே காணாமப் போகப் பாத்துச்சு. நான் மொதல்ல வச்ச செவப்புப் புள்ளி."

சொல்லிவிட்டுப் பவுடரை எடுத்துத் துணியில் தடவ ஆரம்பித்தார்.