கயலுக்கு ஒரு குட்டிக் கலம்

போன செவ்வாய்க்கிழமை கோடம்பாக்கத்தில், ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் எனக்குச் சண்டை. விஷயத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். விண்வெளிப் போரில் சின்னச் சின்னப் போர்க்கலங்கள் தேவையா, இல்லையா?

இணையத் தொடர் ஒன்றுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி பெயர் கயல். பட்டினப்பாக்கத்துப் பெண். பிரம்மாண்டமான தாய்க்கப்பலிலிருந்து, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய குட்டிக் கலத்தை ஓட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறவள். எழுதி எழுதி எங்கள் வீட்டு மனுஷி மாதிரியே ஆகிவிட்டாள்.

டைரக்டர் பைசல், ராயப்பேட்டைக்காரர். நல்ல ரசனை, கூடவே கொஞ்சம் பயம். அறிவியல் பிழை இருந்தால் இணையத்தில் கிழித்துவிடுவார்களாம். அதனால் சாந்தோமிலிருந்து ஸ்டெல்லா மிஸ்ஸை வரவழைத்திருந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கதையை முழுக்கப் படித்துவிட்டே வந்திருந்தார்.

"கதை நல்லாருக்கு சார். அந்தக் குட்டிக் கப்பல் மட்டும் வேண்டாம்."

"ஏன் மிஸ்?"

"உங்க கயல் காக்கா மாதிரி சாய்ஞ்சு திரும்புறா. அங்க காத்தே கிடையாது. எதுமேல சாய்வா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது.

"கிளம்ப எரிபொருள் எரிக்கணும். அங்க போய் நிக்க எரிக்கணும். திரும்பக் கிளம்ப, இங்க வந்து நிக்க... மொத்தம் நாலு தடவை. ஏவுகணைக்கு ஒரு தடவை போதும். அது மூச்சு விடாது, பயப்படாது."

அவர் சொன்னதில் தப்பு உண்டா? இல்லை. அத்தனையும் உண்மை.

பைசல் சமாதானத்துக்கு வந்தார். "அப்போ கயலைத் தாய்க்கப்பல்லயே உட்கார வெச்சிடலாம் சார். பட்டனை அமுக்கட்டும்."

பட்டனா? எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"கயல் போகணும் பைசல். இல்லைன்னா தொடர்ல என் பேரு வேணாம், எடுத்துடுங்க."

"இந்தச் சண்டையை மேஜைமேலயே விளையாடிப் பார்த்துடலாமே..." என்றார் மிஸ்.

மேஜையைக் காலி செய்தோம். தூரத்து முனையில் கவிழ்த்து வைத்த டீ கப் — எதிரிக் கப்பல். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பைசல் மனதுக்குள் முடிவு செய்துகொள்வார். மிஸ்ஸுக்குப் பென்சில்கள், அவை ஏவுகணைகள். எனக்குத் தண்ணீர் பாட்டில் மூடிகள், அவை குட்டிக் கலங்கள். ஒரு விதி: வெளிச்சமே போய்ச்சேர நிமிடக்கணக்கில் ஆகும் தூரம். நாம் பார்ப்பது பழைய காட்சி. நாம் அனுப்பும் உத்தரவும் தாமதமாகத்தான் போகும். அது நியாயம் என்று மிஸ் ஒப்புக்கொண்டார்.

முதல் ஆட்டம். கப்புக்குள் பீரங்கிகள். என் மூடிகள் பாதி வழியிலேயே காலி. மிஸ்ஸின் பென்சில்கள் கப்பைச் சாய்த்தன. படுதோல்வி.

"இன்னொண்ணு ஆடலாம்" என்றேன்.

இந்த முறை எதிர்ப்பே இல்லை. முதலில் கிளம்பிய என் மூடி ஒன்று கப்பின் பக்கத்தில் போய் நின்றது.

"கிட்டப் போய்ப் பார்த்துட்டேன். உள்ள என்ன இருக்கு பைசல்?"

அவர் தயங்கினார். "ஜனங்க சார். குழந்தை குட்டியோட. எதிரியோட கப்பலைத் திருடிக்கினு தப்பிச்சு வர்றாங்க."

"நான் சுடலை. திரும்புறேன். மிஸ், நீங்களும் திருப்புங்க."

மிஸ்ஸின் பென்சில்கள் மேஜையில் முக்கால் தூரம் போயிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் உத்தரவு போய்ச் சேர்றதுக்குள்ள அடிச்சிடும்" என்றார் மெதுவாக. பிறகு விடாமல், "ஏவுகணைக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் வைப்பேன். அது பார்த்து முடிவு பண்ணட்டும்."

"தப்பா முடிவு பண்ணிட்டா யாரு மிஸ் பதில் சொல்றது?"



எனக்கே அப்போதுதான் விளங்கியது. அந்த நாலு தடவை எரிபொருள் வீண் இல்லை. கிட்டப் போய்ப் பார்க்கவும், வேண்டாமென்று திரும்பி வரவும் ஆகிற செலவு அது. குட்டிக் கலத்தின் உபயோகமே அதுதான். தூரத்தில் தெரியும் புள்ளியைப் பார்த்ததும் சுடுவதுதான் சாமர்த்தியம் என்று உலகமே சொல்லட்டும்... என் கதையில் அது நடக்காது.

மிஸ் ஒரு மூடியை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார்.

"சரி, கயல் போகட்டும். ஆனா சாய்ஞ்சு திரும்பக் கூடாது. வெளிய வெடிச் சத்தம் கேக்கக் கூடாது. அப்புறம்... அவகிட்ட மூணு தடவைக்குத்தான் எரிபொருள் இருக்கு."

"அப்போ திரும்பி வந்து எப்படி மிஸ் நிப்பா?" என்றார் பைசல்.

"நிக்க முடியாது. அதே வேகத்துல தாய்க்கப்பலைத் தாண்டிப் போய்க்கிட்டே இருப்பா. தாய்க்கப்பல்தான் பின்னாடியே ஓடிப் போய்ப் பிடிக்கணும்."

இத்தனை வருடம் எழுதியும் இப்படி ஒரு காட்சி எனக்குத் தோன்றியதில்லை. கலமே வேண்டாமென்று வந்தவர் கொடுத்தது.

பைசலுக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. "போர் நடக்கும்போது தாய்க்கப்பல் வரிசையை விட்டு ஓடினா தோத்துடுவாங்களே சார்?"

"தோக்கட்டும் பைசல். ஆளை விட்டுட்டு ஜெயிச்சவங்க கதையை வேற யாராவது எழுதட்டும்."