வண்டி போகாத ஆற்றங்கரை

லகாட் என்ற ஊரில் இருக்கும் என் கூட்டாளி குமரனும் நானும் ஆன்லைனில் ஒரே கேம் விளையாடுவோம். அதில் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. சில ஊர்களுக்கு மட்டும் குதிரை வண்டி உண்டு, ஏறினால் நொடியில் போய்விடலாம். மற்ற இடத்துக்கெல்லாம் நடை. குமரன் ரசித்து நடப்பான். நான் வண்டியை விட்டு இறங்காமல், கேமை உருவாக்கியவனைத் திட்டிக்கொண்டே லெவல் ஏற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்செட்டில் அவன் கத்தினான். "மச்சான், ஆத்தோரம் ஓநாய்ங்க சுத்திக்கிச்சு. செத்தா என் வீரன் திரும்ப வரமாட்டான். சீக்கிரம் வா லா."

"வாரேன் லா" என்று கம்பீரமாக வண்டியேறிப் பக்கத்து ஊரில் இறங்கினேன். ஊர் வாசலைத் தாண்டியதும் திசை தெரியாமல் நின்றேன்.

"ஆத்தப் பிடிச்சு வாடா."

"எந்த ஆறு?"

"இந்த ஊருக்கு நூறு தடவ வந்தேன்னு பீத்திக்கிட்டியே, போடோ, முட்டாள்."

"வந்தேன் லா. வண்டியில."

நான் புதருக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோதே, அவன் ஈராண்டாக வளர்த்த வீரன் செத்துப்போனான். குமரன் என்னை பிளாக் செய்துவிட்டான்.

இப்போது கேமில் நான் தனியாக நடக்கிறேன். அந்த ஆறு ஊர் வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது. கரையில் அவன் வீரன் விட்டுப்போன மூட்டை இன்னும் கிடக்கிறது.

நான் இருக்கும் பத்து காஜா ஊரிலிருந்து லகாட்டும் பக்கம்தான். அவன் வீட்டு வாசலில் போய் நிற்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.