சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்

கலக்கிய பெயிண்டில் குச்சியை முக்கி, அட்டையில் ஒரு கோடு இழுத்து, ஊதிக் காயவைத்து, அதோடு கடை வாசலுக்கு வருகிறார் பெயிண்ட் கடைக்காரர். டியூப்லைட்டை அவர் நம்புவதில்லை. "லைட்டு பொய் சொல்லும். வெயில்ல காட்டுனா மாட்டிக்கும்." வாங்க வந்தவர் கொண்டுவந்த சுவர்ச் சில்லைப் பக்கத்தில் வைத்து, கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். "இன்னும் ரெண்டு சொட்டு கறுப்பு கேக்குது" என்று உள்ளே போகிறார். வந்தவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவர் கதையைக் கேட்க வந்த எனக்கும்தான்.

தலையைச் சாய்ப்பதற்குக் காரணம் உண்டு. இடது கண் அடியோடு போய்விட்டது. வலது கண்ணில் இருப்பது பிளாஸ்டிக் கருவிழி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதன் வழியாகத்தான் அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும். கிட்டப் போனால் அந்த வட்டம் பளிச்சென்று மின்னும். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "நல்லா பாருங்க, டிக்கெட்டெல்லாம் கிடையாது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்த வைரஸ்தான் இவருக்குக் கண்ணில் ஏறியது. தானமாக வந்த கருவிழியை மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள். மூன்று முறையும் வைரஸ் திரும்பி வந்து அதை வெளுக்க வைத்துவிட்டது. "குடிவந்தவன் காலி பண்ணவே மாட்டேன்னுட்டான்" என்கிறார். ஐந்து வருடம் இருட்டு. மனைவி கடையைப் பார்த்துக்கொண்டார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து அளவு சொல்வார், அவர் ஊற்றுவார்.

வீம்புக்கு ஒரே ஒரு முறை தானே ஊற்றிக் கலந்தார். எதிர்வீட்டுக்காரர் கேட்டது பிஸ்தா பச்சை. "பிரமாதம்ணே" என்று வாங்கிப்போய்க் கூடம் முழுக்க அடித்துக்கொண்டார் அந்த மனுஷன். பிளாஸ்டிக் கருவிழி வைத்துக் கட்டுப் பிரித்த மறுவாரம் அந்த வீட்டுக்குப் போன இவர் வாசலிலேயே தலையில் கைவைத்துவிட்டார். "அடப்பாவி, இந்தக் குளத்துப் பாசிக்குள்ளயா மூணு வருஷமா குடும்பம் நடத்துன?" ஆள் வைத்து, கூடவே நின்று, வேறு நிறம் அடித்துக்கொடுத்தார். இப்போது சொல்லும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

பிளாஸ்டிக்கை வைரஸ் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். வலிக்காது. போன ஓரம் திரும்பாது, உடனே ஓடினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதற்கு இவரே ஒரு பரீட்சை வைத்திருக்கிறார். கடைத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. மதியம் சாப்பிடுமுன் அதில் கால்விரலை வைத்து நின்று, எதிர் அலமாரியின் நடுவிலுள்ள வெள்ளை டப்பாவை மட்டும் பார்க்க வேண்டும். கண்ணை நகர்த்தாமலே இடக்கோடியில் சிவப்பு டப்பாவும் வலக்கோடியில் மஞ்சளும் தெரிய வேண்டும். தெரிந்தால் "ரெண்டும் ஆஜர்!" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் மனைவி டிபன் கேரியரைத் திறப்பார்.

நான் போன அன்று குரல் வரவில்லை.

"ஏங்க, என்னாச்சு?" என்றார் மனைவி, கல்லாவிலிருந்து.

"இரு, இரு... ஆஜர். ரெண்டும் ஆஜர்."

நான் தரையைப் பார்த்தேன். கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்றிருந்தார். தள்ளி நின்றால் யாருக்கும் கூடுதலாகத்தான் தெரியும். சொல்வதா வேண்டாமா என்று நான் முழிப்பதற்குள் மனைவி வந்து அவர் காலைப் பார்த்துவிட்டார்.

"என்னை ஏமாத்தி என்ன ஆகப்போகுது? மறுபடியும் ஸ்டூல்ல உக்காந்து அளவு சொல்லப் போறீங்களா?"

"திரும்பக் கண்ணுல கத்தி வைப்பாங்கடி. பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லியா? கோட்டுக்கு வாங்க."

வந்தார். கால்விரல்களைக் கோட்டில் பதித்தார். வெள்ளை டப்பாவையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு முகத்தைத் திருப்பாமல், மஞ்சள் டப்பா இருக்கும் பக்கம் வலது கையை நீட்டி, இல்லை என்று விரித்துக் காட்டினார்.